அப்பாரு (தாத்தா) விட்டுப்போன அம்பாசடர்: ஓட வைக்கவும் ஓட்டிக்கொண்டே இருக்கவும் - அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொங்கு நாட்டுத் தோட்டத்துச் சாளைகளில் (தோட்ட வீடுகளில்) தார்ப்பாய் போர்த்தி நிற்கும் கார்களில் பெரும்பாலானவை மூன்று வகைதான்: அம்பாசடர், பத்மினி, மாருதி 800. இங்கே முக்கியமாகப் பேசப்படுவது 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் உள்ள அம்பாசடர் மார்க் 2, மார்க் 3, மார்க் 4. மற்ற இரண்டும் மாறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

பத்து வருசமா சாளையில நிக்குதுங்க. பேட்டரியப் போட்டு ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமுங்களா?

வேண்டாம். நின்ற வண்டி கெடுவது பாதி, நின்ற வண்டியை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்து கெடுப்பது மீதி. பத்து வருடத்தில் சிலிண்டர் சுவரில் இருந்த எண்ணெய்ப் படலம் வடிந்து ரிங்குகள் துருவோடு ஒட்டியிருக்கும். பேரிங்குகள் காய்ந்திருக்கும். பழைய பெட்ரோல் பிசினாகி வால்வுத் தண்டுகளைப் பிடித்திருந்தால், எஞ்சின் சுற்றியதும் வால்வு நகராமல் புஷ் ராடு வளைந்துவிடும். ஏர் கிளீனருக்குள் எலி கூடு கட்டியிருப்பது நம் பக்கத்தில் சாதாரணம். அந்தப் பஞ்சும் நிலக்கடலைத் தோலும் கார்புரேட்டருக்குள் போனால் அது தனி வேலை.

இன்னொன்று, எஞ்சின் உயிர்பெற்றுவிட்டால் வண்டியை நகர்த்தாமல் யாருக்கும் கை நிற்காது. பிரேக் இல்லாத வண்டி களத்தைத் தாண்டிக் கிணற்று மேட்டுக்குப் போக நிமிட நேரம் போதும். அதனால் எஞ்சினுக்கு முன்பே பிரேக்கைக் கவனியுங்கள். எஞ்சின் காத்திருக்கும்.

சரி, முதல் ஸ்டார்ட்டுக்கு முறையா என்ன செய்யணும்?

ஒரு சனி, ஞாயிறு ஒதுக்குங்கள். முதலில் பானெட்டைத் திறந்து வயர்கள், ஹோஸ்கள், ஏர் கிளீனர் எல்லாவற்றிலும் எலி வேலை இருக்கிறதா பாருங்கள். நான்கு பிளக்குகளையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு டீஸ்பூன் எஞ்சின் ஆயிலும் டீசலும் சமமாகக் கலந்து ஊற்றுங்கள். இரவு முழுக்க ஊறட்டும். முடிந்தால் இரண்டு இரவு.

மறுநாள் கியரை நியூட்ரலில் வைத்து முன்னால் சொருகும் ஸ்டார்ட்டிங் ஹாண்டில் போட்டு மெதுவாகச் சுற்றுங்கள். பிளக் இல்லாததால் எளிதாகச் சுற்ற வேண்டும். ஹாண்டில் இல்லாத வண்டியில் டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டலாம். மாருதியில் கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் வைத்துச் சுற்றலாம். பாதிச் சுற்றில் முட்டி நின்றால் முரட்டுத்தனம் வேண்டாம். இன்னும் கொஞ்சம் ஊற்றி இன்னொரு நாள் விடுங்கள்.

சுற்ற ஆரம்பித்ததும் வால்வு கவரைத் திறந்து எட்டு வால்வும் ஏறி இறங்குகின்றனவா என்று கண்ணால் பாருங்கள். பிடித்து நிற்கும் வால்வின் தண்டில் டீசல் விட்டு, மரச் சுத்தியலால் லேசாகத் தட்டி விடுவியுங்கள். பிறகு பழைய ஆயிலை வடித்து, ஃபில்டர் மாற்றி, 20டபிள்யூ-40 மினரல் ஆயில் ஊற்றுங்கள். ஃபில்டரோடு சேர்த்து சுமார் 4 லிட்டர் பிடிக்கும். கடைசிச் சொல் டிப்ஸ்டிக்குடையது.

பிளக்குகளை மாட்டாமலே ஸ்டார்ட்டரைப் பத்துப் பத்து விநாடியாகச் சுற்றுங்கள். ஆயில் பிரஷர் முள் எழ வேண்டும், லைட் உள்ள வண்டியில் லைட் அணைய வேண்டும். அது நடந்த பிறகே பிளக்கை மாட்டுங்கள். பழைய டேங்க் பெட்ரோலை நம்பாமல், ஒரு கேனில் புது பெட்ரோல் வைத்துப் பம்ப்புக்குத் தனி ஹோஸ் கொடுத்து ஸ்டார்ட் செய்வது நல்லது. பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும், பீடி இருக்க வேண்டாம். முதல் அரைமணி நேரம் புகை நிறைய வரும். ஊற்றிய எண்ணெய் எரிவதுதான். ஓடும்போது ஆயில் பிரஷர் 50 பி.எஸ்.ஐ. சுற்றிலும், சூடான ஐட்லிங்கில் 15-க்குக் குறையாமலும் நின்றால் அடிப்பகுதி பிழைத்திருக்கிறது என்று அர்த்தம்.

ஹாண்டில் பிடிக்கும் விதம் ஒன்று உண்டு. கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்காமல் மற்ற விரல்கள் இருக்கும் பக்கமே வையுங்கள். கீழிருந்து மேலே இழுங்கள், மேலிருந்து அமுக்காதீர்கள். இக்னிஷன் டைமிங் முந்தியிருந்தால் ஹாண்டில் திருப்பி அடிக்கும். கட்டைவிரல் உடைந்த பழைய டிரைவர்கள் ஊருக்கு ஒருவராவது இருந்தார்கள்.

எஞ்சின் ஓடுது, ஆனா கிளட்ச்ச மிதிச்சாலும் கியர் விழமாட்டேங்குது.

கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கிறது. முதலில் ஹைட்ராலிக் வேலை செய்கிறதா பாருங்கள். பெடலை மிதிக்கும்போது அடியில் ஸ்லேவ் சிலிண்டரின் தண்டு நகர வேண்டும். நகர்ந்தால், எஞ்சினை நன்றாகச் சூடாக்கி நிறுத்தி, பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே கட்டை கொடுத்து ஓர் இரவு அமுக்கி வையுங்கள். பாதி வண்டிகள் காலையில் விட்டுவிடும். விடாததை, முன்னால் நூறு அடி வெட்டவெளி உள்ள இடத்தில், இரண்டாம் கியரில் பெடலை மிதித்தபடி ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு மிதித்து உதற வேண்டும். இதற்கும் பிரேக் வேண்டும் என்பதைக் கவனியுங்கள். அப்படியும் வராவிட்டால் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும்.

பிரேக்கு மிதிச்சா பெடல் கீழ போயிருது. ஆயில் ஊத்துனா போதுமுங்களா?

போதாது. ஊற்றிய ஆயில் எங்கோ வெளியே போகிறது என்பதால்தான் பெடல் கீழே போகிறது.

இந்த அம்பாசடர்களில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பழைய அம்பாசடரில் ஒரே ஒரு சர்க்யூட்தான். எந்தச் சக்கரத்தில் ஒழுகினாலும் நான்கும் போய்விடும். ஆகவே "முன்னாடி மட்டும் பாத்தாச்சு" என்பது இங்கே செல்லாது. எல்லாச் சக்கரத்தையும் கழற்றி எல்லா வீல் சிலிண்டரையும் பிரியுங்கள். முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு சிலிண்டர் இருக்கும். உள்சுவரை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் ரப்பர் கிட் மாற்றினால் போதும். நகம் சிக்கும் அளவு குழி இருந்தால் சிலிண்டரையே மாற்ற வேண்டும். உப்புத்தாளால் தேய்த்துக் குழியைப் போக்குகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். சிலிண்டர் பெரிதாகிவிடும், ரப்பர் சிறிதாகவே இருக்கும், ஆறு மாதத்தில் திரும்ப ஒழுகும்.

ரப்பரைக் கழுவ பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதையும் தொடவிடாதீர்கள். கனிம எண்ணெய் பட்ட பிரேக் ரப்பர் ஊதிப்போய் சிலிண்டருக்குள் இறுகிவிடும். கழுவவும் பிரேக் ஃப்ளூயிட், பூசவும் பிரேக் ஃப்ளூயிட்.

சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ்களை வயது பார்த்தே மாற்றுங்கள், தோற்றம் பார்த்து அல்ல. வெளியே நன்றாக இருக்கும் ஹோஸ் உள்ளுக்குள் ஊதி, மிதிக்கும்போது ஆயிலை விட்டு, விடும்போது திரும்ப விடாமல் பிடித்துக்கொள்ளும். ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கக் கொதிக்கச் சூடாவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். தரைத்தகட்டுக்குக் கீழே மாஸ்டர் சிலிண்டர் உள்ள வண்டியில் மூடியைத் திறக்குமுன் சுற்றியுள்ள மண்ணைத் துடையுங்கள். ஒரு சிட்டிகை மண் உள்ளே போனால் புதுக் கிட்டும் வீண்.

பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும் வரிசை, அதாவது ஏர் எடுக்கும் வரிசை, மாஸ்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்க வேண்டும்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. ஃப்ளூயிட் டாட் 3 போதும். மலைக்கு அடிக்கடி போகிறவர் டாட் 4 போடலாம். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரியில் கொதிக்கும். காற்றிலிருந்து ஈரம் இழுத்துப் பழையதானால் அந்த அளவு 140 வரை இறங்கிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றச் சொல்வது இதனால்தான். பெயிண்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பெயிண்டை உரித்துவிடும்.

இப்ப வர்ற எத்தனால் பெட்ரோலு பழைய வண்டிக்கு ஆகுமுங்களா?

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20-தான் இன்று பெட்ரோல் பங்க்குகளில் பொதுவாகக் கிடைக்கிறது. வண்டி ஓடும். ஆனால் மூன்று விஷயத்தில் கை வைக்க வேண்டும்.

முதலாவது ரப்பர். அந்தக் காலத்து பெட்ரோல் ஹோஸும், ஏ.சி. என்ற பிராண்ட் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரமும் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. சில ஊதும், சில விறைத்து வெடிக்கும். ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ஜே30 ஆர்9 தரத்துக்கு மாற்றுங்கள். பம்ப் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் நேராக ஆயில் சம்ப்புக்குள் இறங்கும். டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், ஆயில் அளவும் ஏறியிருந்தால், அன்றைக்கே பம்ப்பைப் பிரிக்க வேண்டும்.

இரண்டாவது டேங்க். எத்தனால் பல வருடப் பிசினைக் கரைத்துக்கொண்டு கார்புரேட்டருக்கு அனுப்பும். முதல் இரண்டு மாதம் ஃபில்டர் அடிக்கடி அடைக்கும். அதற்காகப் பம்ப்புக்கு முன்னால் கண்ணாடி போலத் தெரியும் இன்லைன் ஃபில்டர் ஒன்று போட்டால் அழுக்கு கண்ணுக்குத் தெரியும். டேங்க் துரு அதிகமென்றால் இறக்கி, ஒரு பிடி சிறு நட்டுகளும் டீசலும் போட்டுக் குலுக்கிக் கழுவலாம். காலி பெட்ரோல் டேங்கில் வெல்டிங் வைக்கவே கூடாது. டேங்க் நிறைந்திருக்கும்போது இருப்பதைவிட காலியாக ஆவியோடு இருக்கும்போதுதான் வெடிக்கும்.

மூன்றாவது கலவை. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் பழைய செட்டிங்கில் கலவை மெலியும். எஸ்.யூ. கார்புரேட்டரில் ஜெட் நட்டை ஒரு முகம் அல்லது இரண்டு முகம் கீழே திருப்பினால் பெட்ரோல் கூடும். சரிபார்க்க, எஞ்சின் சூடாக இருக்கும்போது கார்புரேட்டருக்குள் உள்ள பிஸ்டனை நூலளவு, அதாவது ஒரு மி.மீ.க்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே இறங்கி எஞ்சின் தள்ளாடினால் குறைவு. லேசாக ஏறிப் பழையபடி அமர்ந்தால் சரி. கார்புரேட்டர் தலையில் உள்ள டேம்பரில் ஆயில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். டேம்பரைச் சொருகும்போது அதன் மறை மூடி வாயிலிருந்து கால் அங்குலம் மேலே இருக்கையிலேயே தடை தெரிய வேண்டும். ஆயில் வற்றிய எஸ்.யூ. ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் திணறும். பாதிப் பேர் இதைத் தெரியாமல் டிஸ்ட்ரிபியூட்டரைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள்.

ஈயம் இல்லாத பெட்ரோலால வால்வு கெட்டுப்போகும்னு சொல்றாங்களே?

உண்மை, ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. இந்தியா முழுக்க 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. அம்பாசடரின் பழைய சிலிண்டர் ஹெட்டில் வால்வு உட்காரும் இடம் ஹெட்டின் வார்ப்பிரும்பேதான். ஈயம்தான் அதற்கு மெத்தையாக இருந்தது. மெத்தை போனதால், நெடுநேரம் மூச்சுப்பிடித்து ஓடும் வண்டியில் எக்ஸாஸ்ட் வால்வு மெல்ல மெல்லப் பள்ளத்தில் இறங்கும். அடையாளம்: டேப்பெட் இடைவெளி (வால்வுத் தண்டுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவே உள்ளது) சத்தம் போடாமல் சுருங்கிக்கொண்டே போகும், ஒருநாள் கம்ப்ரஷன் போகும். மாதம் நூறு, இருநூறு கி.மீ. ஓடும் குடும்ப வண்டிக்கு இடைவெளியைச் சரிபார்த்துக்கொண்டே போனால் போதும். வேறு காரணத்துக்கு ஹெட்டைக் கழற்றும் நாள் வரும்போது, கடினப்படுத்திய சீட் போட்டுவிடச் சொல்லுங்கள். கோவையில் ஹெட் வேலை செய்யும் லேத் பட்டறைக்கு இது அன்றாட வேலை.

வண்டி சூடாகுதுங்க. ரேடியேட்டர் புதுசு மாத்தியும் சூடாகுது.

நம் ஊரின் தனிச் சிக்கல் இது. சிறுவாணித் தண்ணீர் வரும் தெருக்களை விட்டால், கோவை, திருப்பூர், பல்லடம், தாராபுரம் பக்கமெல்லாம் போர்வெல் தண்ணீர் கடுமையான உப்பு. குடத்தில் வெள்ளை படியும் அதே தண்ணீரை முப்பது வருடம் ரேடியேட்டரில் ஊற்றினால் எஞ்சின் பிளாக்கின் உள்சுவரிலும் அதே வெள்ளை படியும். ஒரு மி.மீ. சுண்ணாம்புப் படிவம் உலோகத்தைவிடப் பல மடங்கு மோசமாக வெப்பத்தைக் கடத்தும். ரேடியேட்டரை மட்டும் மாற்றுகிறவர்களுக்குச் சூடு போகாததற்குக் காரணம், சுண்ணாம்பு பிளாக்குக்குள் இருப்பதுதான். அதிலும் கடைசி சிலிண்டரைச் சுற்றி சேறு தங்கும். பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வடிகுழாயைத் திறந்தால் தண்ணீர் வராமல் நின்றால், கம்பி விட்டுக் குத்திப் பாருங்கள். காவிச் சேறு கட்டியாக வரும்.

கழுவும் முறை: தெர்மோஸ்டாட்டைக் கழற்றுங்கள். சுத்தமான தண்ணீரில் லிட்டருக்கு 20 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து நிரப்பி, எஞ்சினை 20-லிருந்து 30 நிமிடம் மிதமான வேகத்தில் ஓடவிட்டு, கை பொறுக்கும் அளவு ஆறியதும் வடியுங்கள். வெளியே வரும் நிறம் மாறும்வரை இதையே இரண்டு மூன்று முறை செய்யலாம். கடைசியில் லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து ஒரு முறை, வெறும் தண்ணீரில் இரண்டு முறை. மாருதியின் ஹெட் அலுமினியம் என்பதால் ஆசிட்டைப் பாதியாக்கி ஒரே முறையோடு நிறுத்துங்கள். படிவம் கல்லாகியிருந்தால் ரேடியேட்டர் கடையில் மேல்தொட்டியைப் பிரித்து ஒவ்வொரு குழாயிலும் ராடு விட்டு அடைப்பெடுப்பார்கள். பித்தளை ரேடியேட்டருக்கு அது கோர் மாற்றுவதைவிட மலிவு. ஆனால் கழுவிய பிறகு சில பழைய ஓட்டைகள் ஒழுகத் தொடங்கலாம். சுண்ணாம்புதான் அவற்றை அடைத்துக்கொண்டிருந்தது.

நிரப்ப, பேட்டரிக் கடை டிஸ்டில்ட் தண்ணீரும் பச்சை கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. வழியில் குறைந்தால் ஆர்.ஓ. தண்ணீர் பரவாயில்லை. ஓட்டல் குழாய்த் தண்ணீர் வேண்டாம்.

தெர்மோஸ்டாட்டைத் தூக்கி எறிந்துவிட்டு "இனிமே சூடே ஆகாது" என்று சொல்லும் பழக்கம் இங்கே பரவலாக உண்டு. இது தவறு. எஞ்சின் குளிர்ந்தே ஓடினால் ஆயிலில் ஈரமும் பெட்ரோலும் தங்கி மயோனைஸ் போலப் பசையாகும், சிலிண்டர் தேய்மானம் கூடும். தெர்மோஸ்டாட்டைப் பாத்திரத்துத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சினால் 80 டிகிரியைத் தாண்டியதும் திறக்கத் தொடங்க வேண்டும். திறக்காததை மாற்றுங்கள், இருப்பதை எறியாதீர்கள். ஃபேன் பெல்ட் நடுவில் விரலால் அமுக்கினால் அரை அங்குலம் இறங்க வேண்டும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் விறைத்திருந்தால் புது மூடி. ஆனால் அதே அழுத்தம் உள்ளதாகப் போடுங்கள், கூடுதல் அழுத்த மூடி பழைய ஹோஸை வெடிக்க வைக்கும்.

வால்பாறை, ஊட்டி, கொல்லிமலைக்கு எடுத்துட்டுப் போலாமா?

மேலே சொன்னதெல்லாம் முடிந்திருந்தால் தாராளமாக. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, திம்பத்துக்கு 27, கொல்லிமலைக்கு 70. ஏறும்போது பிரச்சினை பெட்ரோல் ஆவியடைப்பு. வேகம் குறைவு, ஃபேன் காற்று போதாது, எஞ்சின் மேலிருக்கும் பம்ப்பில் பெட்ரோல் கொதித்து ஆவியாகும். வண்டி மெல்ல மெல்லத் திணறி நிற்கும், அரைமணி ஆறினால் ஒன்றும் நடக்காததுபோல ஓடும். ஈரத்துணியைப் பம்ப் மேலும் குழாய் மேலும் சுற்றுங்கள், எக்ஸாஸ்டுக்கு அருகே போகும் குழாயை விலக்கிக் கட்டுங்கள்.

இறங்கும்போதுதான் உயிர் விஷயம். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும், அதாவது பெரும்பாலும் இரண்டாம் கியர். டிரம் பிரேக் சூடானால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனிங் பிடிப்பை இழக்கும், பெடல் கல்லாக இருந்தும் வண்டி நிற்காது. வாடை வந்தால் ஓரம் கட்டி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிரம் வெடிக்கும். முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் (ஓடும்போதே கியரை எளிதாக விழவைக்கும் அமைப்பு) இல்லை. ஓடும் வண்டியில் வளைவில் திடீரென்று முதல் கியர் போட முயன்றால் விழாது, நியூட்ரலில் மாட்டிக்கொள்வீர்கள்.

பாயின்ட், பிளக், டேப்பெட்டுக்கு அளவு என்னங்க?

பிளக் இடைவெளி 0.025 அங்குலம் (0.6 மி.மீ.). கான்டாக்ட் பாயின்ட் 0.015 அங்குலம் (0.4 மி.மீ.). டேப்பெட் இடைவெளியும் 0.015 அங்குலம். பற்றும் வரிசை 1-3-4-2. பாயின்ட் மாற்றும்போது கன்டென்சரையும் சேர்த்து மாற்றுங்கள். ஆனால் நன்றாக ஓடிய பழைய கன்டென்சரைத் தூக்கிப்போடாமல் டூல் பாக்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று கிடைக்கும் புதியவற்றின் தரம் சொல்லும்படி இல்லை.

டேப்பெட்டுக்கு எளிய கணக்கு ஒன்பது. முன்னாலிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணுங்கள். முழுக்கத் திறந்திருக்கும் வால்வின் எண்ணை ஒன்பதில் கழித்தால் வருவதை அப்போது சரிசெய்யலாம். 8 திறந்திருந்தால் 1, 6 திறந்திருந்தால் 3, 4 திறந்திருந்தால் 5.

கிரீஸ் எங்கெங்க, எப்பெப்ப?

1,500 கி.மீ.க்கு ஒருமுறை, அல்லது வண்டி ஓடாவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. முன் சஸ்பென்ஷனின் மேல், கீழ் நிப்பிள்களிலும் புரொபெல்லர் ஷாஃப்ட் கிராஸ்களிலும் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடிக்க வேண்டும். கிரீஸ் உள்ளே போகாத நிப்பிளைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் விடுவதால்தான் கீழ் டிரன்னியன் (முன் சக்கரம் திரும்பும் கீழ் மூட்டு) தேய்ந்து, ஒருநாள் மறை அறுந்து சக்கரம் சாய்கிறது. தோட்டத்துப் புழுதிப் பாதையில் ஓடும் வண்டியில் ஸ்டியரிங் ராக்கின் ரப்பர் உறை கிழியாமல் பாருங்கள். உள்ளே போன செம்மண் எண்ணெயோடு சேர்ந்து சாணைக்கல் வேலை செய்யும். பின் ஆக்சிலுக்கு இ.பி. 90 கியர் ஆயில்.

வயரிங்க முழுசா மாத்தணுமா?

துணி சுற்றிய வயர் வளைத்ததும் உதிர்ந்தால், ஆம், மாற்றுங்கள். மற்றபடி எலி கடித்த இடத்தை மட்டும் சால்டரிங் வைத்து ஒட்டலாம். முறுக்கி டேப் சுற்றினால் போதாது. பாதி மின்கோளாறு எர்த் கோளாறுதான்: எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே போகும் பின்னல் பட்டையைக் கழற்றித் தேய்த்து மாட்டினால் ஸ்டார்ட்டரும் லைட்டும் தெளியும். பேட்டரிக்கு அருகே கட்-ஆஃப் சுவிட்ச் ஒன்று வையுங்கள். டைனமோ உள்ள மிகப் பழைய வண்டியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்ந்திருக்கலாம். புது பேட்டரி மாட்டுமுன் பழைய கேபிளைப் பார்த்துக்கொள்ளுங்கள். டைனமோ வண்டிக்கு 100 வாட் பல்பு போடாதீர்கள், அது அத்தனை கரன்ட் தராது.

துரு எங்க தேடணும்?

நம் பக்கம் கடற்காற்று இல்லாததால் கொங்கு வண்டிகளுக்குப் பொதுவாக நல்ல பேர். ஆனால் உர மூட்டை அடுக்கிய சாளையில் நின்ற வண்டிக்கு அந்தப் பேர் இல்லை. யூரியாவும் பொட்டாஷும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கட்டுத்தரைப் பக்கமென்றால் மாட்டு மூத்திரத்தின் அம்மோனியா வேறு. இரண்டும் சேர்ந்தால் தரைத்தகடு பத்து வருடம் தாங்காது. உள்ளே விரித்த கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள், டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியிலும் கதவின் அடி ஓரத்திலும் பாருங்கள். கதவடியில் உள்ள வடிதுளைகள் அடைத்திருந்தால் கம்பியால் குத்திவிடுங்கள். துணி சுற்றிய காந்தத்தைப் பாடி முழுக்க ஓட்டினால் ஒட்டாத இடமெல்லாம் பட்டி. அழகாகப் பெயிண்ட் அடித்த வண்டியில்தான் இந்தச் சோதனை அவசியம்.

சாமான் கெடைக்குமா?

அம்பாசடருக்கு இன்னும் கிடைக்கிறது. உத்தரப்பாராவில் 2014 வரை உற்பத்தி ஓடியது. கிட், பேரிங், கேஸ்கெட், கிளட்ச் பிளேட் எல்லாம் வாங்கலாம். கிடைக்காததைச் செய்துகொள்ளும் வசதி கோவையை விட வேறெங்கும் எளிதில்லை. பம்ப்செட் செய்யும் ஊரில் வாட்டர் பம்ப்பின் ஷாஃப்ட்டும் புஷ்ஷும் கடைந்து தர ஆள் தேட வேண்டியதில்லை. சிலிண்டர் போரிங் (உள்சுவரைக் கடைந்து பெரிதாக்குவது), கிராங்க் கிரைண்டிங், டிரம் கடைசல் எல்லாம் கணபதி, பீளமேடு பட்டறைகளில் நடக்கும். ஒரு எச்சரிக்கை மட்டும்: ஓவர்சைஸ் பிஸ்டனைக் கையில் வாங்கிய பிறகே போரிங்குக்குக் கொடுங்கள். முதலில் போரிங் செய்துவிட்டு அந்த அளவுக்குப் பிஸ்டன் தேடி அலைகிறவர்கள் ஏராளம். பழைய ஹார்னையும் மீட்டரையும் எறியாதீர்கள், பெரும்பாலும் திறந்து சுத்தம் செய்தாலே உயிர் வரும்.

எங்களுது மாருதி 800. வேற என்ன பாக்கணும்?

டைமிங் பெல்ட். எத்தனை கி.மீ. ஓடியது என்று மீட்டர் சொன்னாலும், எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் முதல் வேலையாக மாற்றுங்கள். ரப்பருக்கு வயதும் ஒரு கணக்கு. பிறகு முன் சக்கரத்து ஷாஃப்ட்டின் ரப்பர் உறைகள். ரேடியேட்டர் ஃபேன் கரன்ட்டில் ஓடுவதால், டிராஃபிக்கில் மட்டும் சூடானால் ஃபேன் சுவிட்ச்சைப் பாருங்கள். பத்மினிக்கு இதெல்லாம் இல்லை. பிரேக்கிலும் பெட்ரோலிலும் அம்பாசடருக்குச் சொன்னதே பொருந்தும்.

டீசல் அம்பாசடர் ஸ்டார்ட் ஆகல.

குளோ பிளக்கும் பேட்டரியும் சரியென்றால் காற்று புகுந்திருக்கும். ஃபில்டர் மேல் உள்ள திருகைத் தளர்த்தி, ஃபீட் பம்ப் லீவரை அடித்து, குமிழி நின்று சுத்த டீசல் வந்ததும் இறுக்குங்கள். பிறகு இன்ஜெக்ஷன் பம்ப்பில் அதே வேலை. கடைசியாக இன்ஜெக்டர் நட்டுகளைத் தளர்த்தி ஸ்டார்ட்டர் அடியுங்கள். டீசல் நிறைந்து சொட்டும்.

ஆர்.சி. இன்னும் அப்பாரு பேர்லயே இருக்குது. என்ன செய்யறது?

உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் தந்தால் மூன்று மாதம்வரை வண்டியைப் பயன்படுத்தலாம். அந்த மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றக் கேட்க வேண்டும். இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபமின்மை, ஆர்.சி., இன்ஷூரன்ஸ் வேண்டும். அத்தை, சித்தப்பா எல்லாரிடமும் கையெழுத்து வாங்குவதுதான் இதில் நீண்ட வேலை, அதனால் பிரேக் கிட்டுக்கு ஆர்டர் கொடுக்கும்போதே இதையும் தொடங்கிவிடுங்கள். இன்ஷூரன்ஸையும் பெயர் மாற்றுங்கள்.

சொந்தக் காருக்கு ஆர்.சி. 15 வருடம் செல்லும். பிறகு படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டி, ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். பசுமை வரியும் உண்டு. 2025 ஆகஸ்டு அறிவிப்பின்படி 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய். "15 வருசமானா நொறுக்கிருவாங்க" என்பது டெல்லி வட்டாரத்து விதியைக் கேட்டுக் கிளம்பிய பேச்சு. 50 வருடம் கடந்த காரை 2021 விதிப்படி விண்டேஜாகப் பதியலாம், ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்டக் கூடாது. ஓட்ட நினைப்பவருக்குச் சாதாரணப் பதிவே மேல். எஞ்சின் வகை மாற்றுவது, நிறம் மாற்றுவது இரண்டுக்கும் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். டீசலை எடுத்துப் பெட்ரோல் வைத்த வண்டி கையில் வந்திருந்தால் ஆர்.சி.யோடு எஞ்சின் நம்பரை ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாரத்துக்கு ஒருக்கா பத்து நிமிசம் ஸ்டார்ட் பண்ணி விட்டா போதுமா?

அது கெடுதல். பத்து நிமிட ஐட்லிங்கில் எஞ்சின் சூடேறாது, சைலென்சரிலும் சம்ப்பிலும் தண்ணீர்தான் சேரும், பிரேக்கும் கிளட்ச்சும் அசையவே அசையாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். கோபியிலிருந்து சத்தி போய்த் திரும்பும் தூரம் சரியான அளவு. மழைக்காலத்தில் இரண்டு மாதம் நிற்கப்போகிறதென்றால், டயர் காற்றைக் கொஞ்சம் கூட்டி, ஹாண்ட்பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, பேட்டரி முனையைக் கழற்றி, எக்ஸாஸ்ட் வாயில் சல்லடைத் துண்டு கட்டுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாய் வேண்டாம், உள்ளே ஈரம் வேர்க்கும். பருத்தித் துணி போதும். சல்லடைத் துண்டைக் கட்டியதை ஸ்டியரிங்கில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.